உமி மேஸ்திரி

மற்ற மேஸ்திரிகள் மடியில் வெற்றிலை இருக்கும், பீடிக்கட்டு இருக்கும். அவர் மடியில் உமி இருக்கும். காய்கறி ஏற்ற மலைக்கு வரும் லாரிக்காரர்கள், பழனி ரைஸ் மில்லிலிருந்து அவருக்கென்று ஒரு சாக்கு போட்டுக் கொண்டுவருவார்கள். அதைக் கோரைப்பாய்க்குப் போடுகிற சிவப்புச் சாயத்தில் கொதிக்கவிட்டு, பாறையில் காயவைத்து, தகர டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்வார். தெருவில் சும்மா போகும்போதுகூட எங்காவது தண்ணீர் ஓடினால் நின்றுவிடுவார். ஒரு சிட்டிகை உமியை அதில் விடுவார். அப்புறம் அந்தத் தண்ணீர் வெளியே வருகிற இடத்துக்குப் போய்க் குந்திக்கொள்வார். சிவப்பு கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்திருப்பார்.

"தண்ணி எங்க போகுதுன்னு மனுசங்கிட்டக் கேட்டா, அவன் தனக்குத் தோதா ஒரு பதிலச் சொல்லுவான். தண்ணிகிட்டயே கேட்டுறணும் தம்பி" என்பார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் கொடைக்கானல் கடைத்தெருவில் உமி மேஸ்திரி என்றால்தான் தெரியும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கல் சுமந்து, கல் உடைத்து, கல் கட்டி மேலே வந்தவன். பெருமாள்மலையிலிருந்து போளூர் வரைக்கும் நான் கட்டிய தடுப்புச் சுவர்களில் ஒன்றுகூட இன்றுவரை சரிந்ததில்லை. என்ஜினீயர் படிப்புப் படித்த பிள்ளைகள், "பெரியவரே, இந்த மண்ணில் அஸ்திவாரம் எத்தனை அடி போகலாம்?" என்று என் வீடு தேடி வந்து கேட்டுப் போகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்றால், ஆமாம், பெருமைக்குத்தான். யாரும் தூக்கிவிடாமல் எழுந்தவன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் நான் முதன்முதலாகச் சொந்தப் பேரில் எடுத்த வேலை, ஐம்பதுகளின் கடைசியில் குடைந்த ஒரு தண்ணீர்ச் சுரங்கம். அதை முடித்துக்கொடுத்தவர் உமி மேஸ்திரி.

அவரை நான் வேலைக்குப் பிடித்த கதை வேடிக்கையானது. கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கிளப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர் கடை. தையல்காரர் கடைச் சுவரில் எப்போதும் ஓதம், துணியெல்லாம் நாறியது. பக்கத்துக் கிளப்பின் கழுவு தண்ணீர்தான் காரணம் என்று தையல்காரர் சத்தம் போட, கிளப்பு முதலாளி மறுக்க, கூட்டம் கூடிவிட்டது. நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க தண்ணி எங்க தோட்டத்துக் குழிக்குத்தான் போகுது. எங்கப்பா வெட்டுன குழி. சத்தியமாச் சொல்றேன்" என்றார் கிளப்பு முதலாளி.

கூட்டத்திலிருந்து ஒல்லியாக ஒரு மனிதர் முன்னால் வந்தார். "சத்தியமெல்லாம் பண்ணாதீக அண்ணாச்சி. காப்பி ஒண்ணு குடுங்க. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தெரிஞ்சுரும்" என்று சொல்லி, அடுப்படிச் சலதாரையில் ஒரு பிடி சிவப்பு உமியைப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காப்பியை ஆற்றினார். பாதி டம்ளர்தான் குடித்திருப்பார். பக்கத்துக் கடையில் கூச்சல்.

"யோவ்! எம் மிசினுக்கு அடியில செவப்பா என்னமோ மொளைக்குதுய்யா!"

"அண்ணாச்சி, ஒங்கப்பா வெட்டுன குழி காலாற நடந்து தையக்காரரு வீட்டுக்குப் போயிருச்சு போல" என்றார் அவர். கடைத்தெருவே சிரித்தது. கிளப்பு முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

பழனிக்குக் கீழே ஏதோ ஒரு கிராமத்துக்காரர். இளவயதில் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய், பூமிக்கு அடியில் இருபது வருஷம் இருந்தவர். நெஞ்சில் கல்தூசி படிந்து இருமல் பிடித்துக்கொண்டது. மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, மலையேறினார். வந்த இடத்திலும் அவருக்குக் கிடைத்தது பூமிக்கு அடியில் உள்ள வேலைதான். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

தண்ணீரிடம் மட்டுமல்ல, மனிதர்களிடமும் அவர் இப்படித்தான். ஒருநாள் காலையில் டீக்கடைக்காரரிடம் போய், "பெருமாள்மலையில பொண்ணு பாத்துருக்கேன். யாருகிட்டயும் சொல்லிறாதீக" என்றார். மதியம் வேலையைப் பார்வையிட வந்த ஓவர்சியர், "என்ன மேஸ்திரி, இந்த வயசுல மாப்பிள்ளைக் கோலமா?" என்றார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

"டீக்கடையில விட்டேன் தம்பி. ஓவர்சியர் வாயில வந்து விழுந்துருச்சு. நடுவுல எத்தனை வளைவு இருந்துச்சோ. மனுசனுக்கும் வாட்டம் இருக்கு. எங்கிட்டு வாட்டமோ அங்கிட்டுத்தான் ஓடுவான்."

வாட்டம் என்பது எங்கள் தொழிலில் தண்ணீர் ஓடுவதற்குக் கொடுக்கிற சரிவு. நூறு அடிக்கு இத்தனை அங்குலம் என்று கணக்கு. அதில் அவர் மன்னன். ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார். பார்த்த பிறகும் நம்பமாட்டார்; உமி விட்டால்தான் நம்புவார்.

சுரங்கம் எதற்கு என்று சொல்ல வேண்டும். கடைத்தெரு ஒரு சரிவில் இருந்தது. மழை இல்லாத நாளில் வீடுகளின் அழுக்குத் தண்ணீர் கல் சாக்கடை வழியாக ஊருக்குக் கீழே இருந்த பெரிய தொட்டியில் போய் அடங்கிவிடும். மழை வந்தால் தெருத் தண்ணீரும் அதே சாக்கடையில்தான் விழும். சாக்கடை தாங்காது. மேலே பெய்த மழை, கீழ்வரிசை வீடுகளின் கக்கூஸ் வழியாகப் பொங்கிக்கொண்டு வரும். ஒரு ஐப்பசியில், கீழ்வரிசை வீட்டு அம்மா ஒருத்தர் அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துச் சோறாக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே ஓடியதை இங்கே எழுத முடியாது.

அதற்குத்தான் சுரங்கம். சாக்கடை பொங்குகிற அளவுக்கு நிறைந்தால், மிஞ்சுகிற தண்ணீரை மட்டும் ஒரு வாய் வழியாக வாங்கி, ஊரை ஒட்டிய பாறைக் கரட்டுக்கு அடியில் குடைந்த வழியில் ஓடவிட்டு, தெற்குச் சரிவில் ஆள் அரவமில்லாத பள்ளத்தில் தள்ளிவிடுவது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்காக இரண்டு பக்கத்திலிருந்தும் பாறையை உடைத்துக்கொண்டு போனோம். உளி, சம்மட்டி, வேட்டு, கார்பைடு விளக்கு. குனிந்துதான் நடக்கலாம். இரண்டு பக்கமும் நடுவில் சந்தித்தபோது நான்கு விரற்கடைதான் வித்தியாசம். நான் துண்டை உதறிக்கொண்டு ஆடினேன். மேஸ்திரி விளக்கைத் தூக்கித் தரையைப் பார்த்தார்.

"மனுசன் சேந்துட்டான் தம்பி. தண்ணி சேருதான்னு பாப்போம்."

மேலே ஒரு ஓடையை மறித்துத் தேக்கி, சுரங்க வாயில் இருந்த அடைப்புப் பலகையைத் திறந்து, உள்ளே தண்ணீர் விட்டோம். ஒரு மரக்கால் சிவப்பு உமியும் விட்டார். தெற்குப் பள்ளத்தில் போய்க் குந்தினார். உமி வந்தது. எனக்கு அது போதும். அவர் துணியில் வடிகட்டிச் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"விட்டது மரக்கா. வந்தது பாதிகூட இல்ல. மிச்சம் எங்க?"

மூன்றாம் நாள் விடை வந்தது. கீழே காட்டுக்குள் பளியர்கள் என்ற மலைவாசிகள் பத்துப் பன்னிரண்டு குடிசை போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண், சுண்ணாம்புச் சாந்தில் சேர்ப்பதற்காக எங்களுக்குக் கடுக்காய் கொண்டுவருவாள். அன்றைக்கு இடுப்பில் பெண் குழந்தையோடு வந்தவள், கடுக்காய்க் கூடையை இறக்காமல், சுரைக்குடுக்கையை மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"எங்க ஊத்துல செவப்பா வருது. மூணு நாளா. சாமி கோவம்னு எல்லாரும் பயந்து கெடக்காங்க."

மேஸ்திரி குடுக்கையைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றினார். நான்கு சிவப்பு உமி.

"ஆத்தா, இது சாமியில்ல. நாந்தான்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "இந்தத் தண்ணியத்தான் பிள்ளைக்குக் குடுக்குறியா?"

"வேற ஏது?"

"நான் அடைச்சிர்றேன். அடைச்சு, மறுபடியும் விட்டுப் பாப்பேன். ஒரு உமிகூட ஒங்க ஊத்துல வரலைன்னாத்தான் இதத் தெறக்க விடுவேன். இது எம் வாக்கு."

சுரங்கத் தரையில் ஒரு இடத்தில் பாறை வெடிப்பு இருந்தது. கத்தி முனை நுழைகிற இடுக்கு. தண்ணீரில் ஒரு பங்கு அதில் இறங்கி, மலைக்குள்ளேயே வழி பிடித்து, பளியர்கள் குடிக்கிற ஊற்றுக்குப் போயிருக்கிறது. இன்றைக்கு நல்ல தண்ணீர் போகிறது. மழை வந்தால் ஊருடைய அழுக்கு போகும்.

பதினோரு நாள் அவர் அந்த இடுக்குக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தார். சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு, கருப்பட்டித் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த சாந்தை விரலால் உள்ளே திணித்தார். சுரங்க வாயில் நின்றால் இருமல் மட்டும் கேட்கும். "ஏலே, வெரசா கொண்டாங்கலே, சாந்து இறுகுது" என்கிற சத்தம் நடுநடுவே வரும்.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வாழைமரம் சொல்லியாகிவிட்டது. மதுரைக் கான்ட்ராக்டர் ஒருவர், "கையெழுத்துப் போடத் தெரியாதவன் சுரங்கம் வெட்டினா இப்படித்தான் இழுக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

திறப்புக்கு முந்தின நாள் காலை மறுசோதனை. எப்போதும் அவர்தான் போய்க் குந்துவார். ஆனால் அந்த வாரம் அவர் நெஞ்சு மோசமாக இருந்தது. ஊற்றுக்கு இறங்கி ஏற அவருக்கு ஒரு நாள் ஆகும்.

"திறப்ப ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க தம்பி. நான் மெதுவா எறங்கிப் போயி ஒக்காந்துக்கிறேன்."

"அதெல்லாம் ஆகாதுண்ணே. நான் போறேன். நீங்க மேல இருந்து பலகையத் தெறங்க."

அவர் உமி டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"ஒங்களப் போயி நம்பாமலா" என்றார். "வெயில் தாழுற மட்டும் பாருங்க. கண்ண எடுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் வந்து சொல்லிப்புடுங்க."

வாழ்நாளெல்லாம் யார் வார்த்தையையும் நம்பாமல் தண்ணீரிடமே கேட்ட மனிதர், அன்றைக்கு என் வார்த்தையைக் கேட்கச் சம்மதித்தார்.

ஊற்று ஒரு பாறைக்கு அடியில் இருந்தது. பெரிய அண்டா அளவு பள்ளம், தெளிந்த தண்ணீர், அடியில் மணல். உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது ஒன்று வந்தது. சிவப்பு. மணலுக்குள்ளிருந்து கிளம்பி, சுற்றிக்கொண்டு மேலே வந்து நின்றது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஒன்பது.

முதல் தடவை மூன்று நாள் வந்தது, இப்போது ஒன்பதுதானே. அன்றைக்கு இடுக்கில் சிக்கிக்கொண்ட பழைய உமி இப்போது கழன்று வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றாக விரலால் எடுத்தேன். ஈரச் சருகுக்கு அடியில் போட்டு மூடினேன்.

அந்தப் பெண் தண்ணீர் மொள்ள வந்தாள். குழந்தை பின்னாலேயே நடந்து வந்தது.

"வருதா?"

"வரலை" என்றேன்.

அவள் சிரித்தாள். குடுக்கையை முக்கி நிறைத்து, முதலில் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் மேலே ஏறி வந்தபோது மேஸ்திரி பாதி வழிக்கு இறங்கி வந்து நின்றிருந்தார். இருமலில் பேச முடியவில்லை. கையால் என்ன என்று கேட்டார். "ஒண்ணும் வரலைண்ணே" என்றேன். அவர் அப்படியே பாதையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று தெரிந்தது.

மறுநாள் திறப்பு. எனக்கு மாலை. அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. கீழ்வரிசை வீடுகளில் ஒரு சொட்டு ஏறவில்லை. கட்டில்மேல் சமைத்த அம்மா எனக்குப் பாயசம் கொடுத்தனுப்பினார். வேலைமேல் வேலை வந்தது. என் பேர் மலையிறங்கி வத்தலக்குண்டு வரைக்கும் போனது.

கார்த்திகை பிறக்கிற சமயம், பளியர் குடியிலிருந்து கடுக்காய்க்காரர் ஒருவர் வந்து, அங்கே வாந்திபேதி என்றார். இரண்டு குழந்தைகள் போய்விட்டன. ஒன்று அந்தப் பெண்ணின் குழந்தை.

மேஸ்திரி கையில் இருந்த மட்டக்கோலைக் கீழே போட்டார். நேராகச் சுரங்க வாய்க்குப் போய்ப் பலகையை இறக்கி அடைத்தார். அன்றைக்கும் மழை. கடைத்தெருவில் மறுபடியும் பொங்கியது. கீழ்வரிசை ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள். "எவன்டா அடைச்சது?"

"நாந்தான். அடிக்கிறதுன்னா அடிங்க. தெறக்க மாட்டேன்."

மழை விட்டதும் விளக்கோடு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். அவர் வைத்த சாந்து கல்லாக இறுகியிருந்தது. ஒரு சாண் தள்ளி, அதே வெடிப்பின் கிளை ஒன்று, தலைமயிர் கிடந்த மாதிரி, தரையில் ஓடியிருந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்து, கடைசிவரை தடவிக்கொண்டே போனார்.

"இது எங் கண்ணுல படல தம்பி. அன்னைக்கு மூடிக் கெடந்திருக்கும், அதான் ஒங்களுக்கு ஒண்ணும் வரலை. மழையில வாயத் தெறந்திருக்கு. மழை வந்தா பாறை வாயத் தெறக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இருபது வருசம் பூமிக்குள்ள கெடந்தவன்."

நான் குற்றமில்லாதவன் என்பதற்கு ஒரு காரணத்தை அவரே கட்டி, என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். விளக்கு தரையில் இருந்தது; என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு சுரங்கத் தரை முழுக்க நானே கல் பாவி, சிமெண்டு பூசினேன். யாரும் கேட்காமலே செய்தேன். அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. எந்த என்ஜினீயர் வந்தும் பார்க்கலாம். இதையும் பெருமைக்குத்தான் சொல்ல ஆரம்பித்தேன். எழுதும்போது பெருமையாக வரவில்லை.

மேஸ்திரி என்னிடம் வேலையை விட்டுவிட்டு அந்தக் குடிக்கே போய்விட்டார். மேலே வேறொரு ஓடையிலிருந்து மூங்கிலைப் பிளந்து கோத்து, அவர்கள் வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்று கேள்விப்பட்டேன். உமி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். சிவப்பு மிதப்பதை அந்தப் பெண் இனிமேல் பார்க்கக் கூடாது என்றாராம். ஒவ்வொரு காலையும் மூங்கில் முனையில் தானே முதலில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து, ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களை மொள்ளவிடுவாராம்.

நான் போகவில்லை. போனால் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, பெருமாள்மலை முக்கில் அவரைப் பார்த்தேன். பழனி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கூட அந்தப் பெண் ஒரு மூட்டையோடு நின்றாள். எலும்புக்கு மேலே ஒரு துண்டு போர்த்திய மாதிரி இருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தம்பி, லாரி வாங்கிட்டீங்களாமே. கேட்டு ரொம்ப சந்தோசம்."

"உங்க ஆசீர்வாதம்ணே" என்றேன்.

பஸ் வந்தது. அந்தப் பெண் முதலில் ஏறி, மேலே இருந்து அவருக்குக் கை நீட்டினாள். அவர் ஏறவில்லை. திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க மொத வேலை. ஒங்க பேரக் கெடுத்துட்டேன். அன்னைக்கு நீங்க வெயில்ல ஒக்காந்து அவ்வளவு சிரமப்பட்டுப் பாத்து வந்து சொன்னீங்க. நான் சரியா அடைக்காமப் போயி, ரெண்டு பிள்ளைக... இத ஒங்ககிட்டக் கேட்டுறணும்னு இருந்தேன். என்னைய மன்னிச்சிருங்க தம்பி."

"என்னண்ணே இது, ஏறுங்க" என்றேன்.

"இல்ல, வாயால சொல்லணும். சொன்னாத்தான் ஏறுவேன்."

கண்டக்டர் விசிலை ஊதினார். "யோவ் பெருசு, ஏறுறியா இல்லையா?" பஸ்ஸுக்குள்ளிருந்து அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வண்டியை உறுமவிட்டார்.

"மன்னிச்சிட்டேண்ணே" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டு ஏறினார்.